பார்த்து எழுதியவன்

போன மாதம் துஷாந்தி தொலைபேசியில் அழைத்தார். கொட்டாஞ்சேனையில் நான் கடைசிவரை படிப்பித்த பாடசாலையில், எனக்குப் பிறகு உயர்தர உயிரியல் எடுக்கும் ஆசிரியை அவர். புது வகுப்பு தொடங்கப் போகிறதாம். ஆய்வுகூடச் சுவரில் ஒட்டுவதற்கு விதிகள் வேண்டுமாம்.

"இன்டர்நெட்டில கன லிஸ்ட் கிடக்கு டீச்சர். நேரத்துக்கு வா, மரியாதையா இரு, ஃபோனை நிறுத்து எண்டு. பிழை சொல்ல ஒண்டுமில்லை. ஆனா உங்கட லாபில இருந்த விதிகள் வேற மாதிரி எண்டு பழைய பிள்ளையள் சொல்லுதுகள். ஒருக்கா வாட்ஸ்அப்பில போடுவீங்களோ?"

போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வெள்ளவத்தை ஃப்ளாட்டின் பல்கனியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. வெறும் விதியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் விசித்திரமாக இருந்தது. "மேசையில் கிடக்கும் உயிரை வைத்துப் பகிடி விடக்கூடாது." "உன் கண்ணுக்குத் தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள், கேட்டதாகவே எழுது." இவற்றைச் சுவரில் பார்க்கும் பிள்ளைக்கு என்ன விளங்கும்? எங்கிருந்து வந்தவை என்று சொல்லாமல் விதியை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இது நீளமாகிவிட்டது.

விஞ்ஞானப் பட்டம் எடுத்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, முதல் நியமனமே கொட்டாஞ்சேனைக்குத்தான் கிடைத்தது. காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்துப் போவேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடத் திட்டம் எழுதவும் கரும்பலகையில் நேராக எழுதவும் அங்கே பழக்கினார்கள். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அமிலப் போத்தலைத் திறந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அதைச் சொல்லித் தந்தவர் தேவசகாயம் சேர். விஞ்ஞானப் பகுதித் தலைவர். நெடிய மனிதர், வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சேர்ட், பையில் ஒரு சிவப்புப் பேனை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வகுப்பு நடக்கும்போது வந்து கதவடியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். பிள்ளைகளுக்கு முதுகில் தெரியும், சேர் வந்துவிட்டார் என்று. வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தேடி எனக்கு ஒரு கிழமை போகும்.

நான் போன முதல் தவணையில் பூவின் பாகங்கள் செய்முறை. ஆளுக்கொரு செவ்வரத்தைப் பூக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நெடுக்கே வெட்டி, பார்த்து, பென்சிலால் கீற வேண்டும். எல்லாரும் அழகாகக் கீறினார்கள். நானும் சரி போட்டுக்கொண்டு போனேன். கதவடியில் நின்ற சேர் அன்றைக்கு மட்டும் உள்ளே வந்து, ஒரு பிள்ளையின் மேசையில் கிடந்த பூவைக் கையில் எடுத்தார்.

"இதில எத்தினை இதழ், மகள்?"

"அஞ்சு சேர்."

"எண்ணிச் சொல்லுங்கோ."

அது அடுக்குச் செவ்வரத்தை. எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. பிள்ளையின் படத்தில் இருந்தது ஐந்து, புத்தகத்தில் இருந்தபடி. நான் சரி போட்டிருந்தது அந்த ஐந்துக்குத்தான்.

சேர் என்னை வகுப்புக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், புத்தகத்தில உள்ளதைத் திருப்பி எழுத அச்சகம் இருக்கு. பிள்ளையள் கண்டதை எழுதட்டும்."

அடுத்த நாள் அதையே மட்டையில் எழுதி மாட்டினேன். கண்டதை எழுது. எங்கள் ஆய்வுகூடத்தின் முதல் விதி அது. அதற்குப் பிறகு வந்த விதிகள் பெரும்பாலும் அதன் கிளைகள்தான்.

எலியை வெட்டிப் பார்க்கும் செய்முறையில், ஒரு குழு எலியின் வாலைப் பிடித்துத் தூக்கி அடுத்த மேசைப் பெண்பிள்ளையின் முகத்துக்கு நேரே ஆட்டியது. பெரிய சிரிப்பு. நான் கத்தியை எல்லாரிடமும் திருப்பி வாங்கினேன். அன்றைக்கு வெட்டு இல்லை. எலியைத் தட்டில் வைத்துவிட்டு, "இது காலையில் மூச்சு விட்டது. நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் இப்போது விடவில்லை" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பையன்கள் பிறகு என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். என்னிடம் வேண்டாம், அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள் என்று அனுப்பினேன். பகிடி விதி அப்படி வந்தது.

இன்னொரு விதி சேர் போட்டது: செய்முறையின்போது கதைக்கக்கூடாது. கொப்பியடிப்பதைத் தடுக்க. பல வருடம் அது அப்படியே இருந்தது. அது எப்படிப் போனது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

மோகன்ராஜ் என்றொரு பையன். அப்பா அம்மா இரண்டு பேரின் ஊரும் ஹட்டன் பக்கத் தோட்டங்கள். கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில், இங்கே தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில், வாடகைக்கு இருந்தார்கள். அப்பா புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. அம்மா வீட்டில் பிளவுஸ் தைப்பார். பையன் அமைதி. உருவங்களைக் கீறுவதில் வகுப்பிலேயே அவனுக்கு நிகர் இல்லை. நுணுக்குக்காட்டியில் மற்றவர்கள் "ஒண்டும் தெரியேல்லை டீச்சர்" என்று நிற்கும்போது அவன் கலச்சுவரின் மடிப்பைக் கூடக் கீறிவிடுவான்.

அவனுக்குப் பக்கத்து மேசை இர்ஷாத். மருதானைப் பையன், வாய் ஓயாதவன். செய்முறையில் கதைத்ததற்காக அவனை எத்தனையோ தடவை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். எப்போதும் மோகன்ராஜின் பக்கம் சாய்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பான்.

ஒவ்வொரு தவணை நடுவிலும் செய்முறைப் பரீட்சையைச் சேரே வைப்பார். எங்கள் பாடசாலையின் வழக்கம் அது. அதில் தொடர்ந்து தவறுகிறவர்களைக் கூப்பிட்டு, வேறு பாடப் பிரிவுக்குப் போகச் சொல்லுவார். அதட்டி இல்லை, அன்பாகத்தான். ஆனால் சேர் சொன்னால் பெற்றோர் கேட்டுவிடுவார்கள்.

அந்தத் தவணை குளுக்கோஸ் வெல்லத்தைக் கண்டறியும் பரிசோதனை வந்தது. மூன்று சோதனைக்குழாய். ஒன்றில் குளுக்கோஸ் நிறைய, ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் வெறும் தண்ணீர். பெனடிக்ட் கரைசலை விட்டுக் கொதிநீரில் வைத்தால், நிறைய உள்ளது செங்கல் நிறமாகும். கொஞ்சம் உள்ளது பச்சையாகும். தண்ணீர் நீலமாகவே இருக்கும். எந்தக் குழாயில் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டோம். பார்த்து, நிறத்தை எழுதி, முடிவை எழுத வேண்டும். ஆளையாள் பார்க்க முடியாதபடி தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார் சேர். இர்ஷாத் ஒரு மூலை, மோகன்ராஜ் மறு மூலை.

விடைத்தாளைத் திருத்தும்போது மோகன்ராஜின் தாளில் சேரின் பேனை நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முதலாம், இரண்டாம் குழாய்கள் ஒரே நிறம். மூன்றாவது நீலம்" என்று எழுதியிருந்தான். அதன் கீழே முடிவு: "முதலாம் குழாயில் குளுக்கோஸ் அதிகம். இரண்டாவதில் குறைவு. மூன்றாவதில் இல்லை."

"நிறம் பிழை. முடிவு சரி" என்றார் சேர். "ஒரே நிறம் எண்டு எழுதினவனுக்கு, எதில கூட எதில குறைய எண்டு எப்பிடித் தெரியும்? அப்ப இந்த முடிவு எங்க இருந்து வந்தது, டீச்சர்?"

சேர் தாளின் ஓரத்தில் சிவப்பில் எழுதினார்: பார்த்து எழுதியது. எங்களூரில் கொப்பியடித்ததற்குச் சொல்லும் வார்த்தை அதுதான். புள்ளி பூச்சியம்.

அடுத்த நாள் வகுப்பில் தாள்களைக் கொடுத்தபோது சேரும் வந்திருந்தார். மோகன்ராஜை எழுப்பினார்.

"தம்பி, ஆரின்ர தாளைப் பாத்தனீர்?"

"யாரோடதையும் பாக்கல சேர்."

"அப்ப இந்த முடிவு?"

"அடியில படிஞ்சிருக்கிறதப் பாத்தேன் சேர். மொத குழாயில நிறையப் படிஞ்சிருந்திச்சு. ரெண்டாவதுல கொஞ்சந்தான்."

"நிறத்தைப் பாக்கேல்லையோ?"

"பாத்தேன் சேர். ரெண்டும் ஒண்ணுதான்."

வகுப்பு சிரித்தது. செங்கல் நிறமும் பச்சையும் ஒன்று என்று ஒருவன் நின்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும்தானே. சேரின் முகம் இறுகியது. தன்னைப் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றுவிட்டுத் திரும்பினார்.

அப்போது இர்ஷாத் எழும்பினான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"சேர், அவன் பொய் சொல்றல்ல."

"நீர் இரும்."

"இல்ல சேர். அவனுக்குக் கலர் வெளங்குறல்ல. கிரிக்கெட் அடிக்கக்குள்ள சிவப்புப் பந்து புல்லுக்குள்ள போனா அவன் தேடவே மாட்டான். நாங்க காட்டணும். கால் பக்கத்துல ஈக்கிம், அவனுக்குத் தெரியாது. லாபுல கலரெல்லாம் நான்தான் அவனுக்குச் சொல்ற. அதுக்குத்தான் டீச்சர் என்ன எழுப்பி நிப்பாட்டுற."

மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தனக்குள் ஒளித்து வைத்திருந்ததை நண்பன் எல்லாருக்கும் முன்னால் போட்டு உடைத்துவிட்டான் என்ற வெட்கம் அவன் காதுவரை ஏறியிருந்தது.

சேர் வெளியே போய்விட்டார். எனக்கு நிறக்குருடு பற்றிப் பாடம் நடத்தத் தெரியும். பரம்பரை வரைபடம் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். அதுவே இரண்டு காலோடு என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

மறுநாள் காலை நான் போகும்போது ஆய்வுகூடம் திறந்திருந்தது. சேர் தனியே நின்று தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பகுதித் தலைவர் தன் கையால் குழாய் கழுவுவதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. பழையபடி மூன்று குழாய். ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைக் காகிதம் சுற்றி ஒட்டியிருந்தார், படிவு தெரியாதபடி.

மோகன்ராஜைக் கூப்பிட்டார். "இதில கூட எது, குறைய எது?"

பையன் குனிந்து, நிமிர்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "மூணாவது தண்ணி சேர். மத்த ரெண்டும் தெரியல."

"ஊகிச்சுச் சொல்லும்."

"தெரியல சேர்."

சேர் காகிதங்களைக் கிழித்தார். பையன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "இதுதான் கூட."

மாற்றி மாற்றி, திரும்பத் திரும்ப வைத்தார். காகிதம் இருந்தால் தெரியாது, எடுத்தால் தெரியும். ஒருதடவைகூடத் தவறவில்லை. கடைசியில் சேர் குழாய்களைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்கள் எல்லாரும் நிறத்தைப் பாத்திட்டுப் படிவைப் பாக்காமல் விடுறம்" என்றார் என்னிடம்.

அன்று உயிரியல் பாடவேளையில் சேர் வகுப்புக்கு வந்தார். கதவடியில் நிற்கவில்லை, நேரே மேசைக்கு வந்து மோகன்ராஜின் தாளைக் கேட்டு வாங்கினார்.

"முந்தநாள் இந்தத் தாளில நான் ஒண்டு எழுதினனான். 'பார்த்து எழுதியது' எண்டு. இவர் ஆரின்ரையோ தாளைப் பாத்ததை நான் காணேல்லை. காணாததை எழுதிப்போட்டன். சுவரில என்ன எழுதியிருக்கு?"

முன் வரிசையில் ஒரு பிள்ளை மெல்ல வாசித்தது: "கண்டதை எழுது."

"ஓம். இவர் கண்டதை எழுதினார். நான்தான் எழுதேல்லை." பூச்சியத்தை வெட்டிப் புள்ளி போட்டார். சிவப்பில் எழுதிய இரண்டு வார்த்தையை மட்டும் வெட்டவில்லை. "இது இருக்கட்டும். இப்ப இது சரியாத்தான் இருக்கு" என்றார். வகுப்பு அப்போதும் சிரித்தது. ஆனால் அது வேறு சிரிப்பு. மோகன்ராஜும் சிரித்தான்.

கதைக்கக்கூடாது என்ற விதியை அன்றே கழற்றினோம். அதற்குப் பதிலாக வந்ததுதான் துஷாந்திக்கு நான் அனுப்பத் தயங்கிய அந்த நீண்ட விதி. தெரியாததைக் கேள், கேட்டதாகவே எழுது. பிள்ளைகள் "நிறம்: பச்சை (இர்ஷாத் சொன்னது)" என்று எழுதத் தொடங்கினார்கள். இரண்டு கிழமை போகவில்லை, கடைசி மேசைப் பெண்பிள்ளை ஒருத்தி, தனக்கு ஒரு மணமும் தெரியாது, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்று வந்து சொன்னாள். அதுவரை அமோனியாவின் மணத்தைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். இன்னொருவனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. சத்தம் கூடிவிட்டது, உண்மைதான். கொப்பியடிப்பது கூடவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். போய் வந்த பிறகு மோகன்ராஜின் அம்மா பாடசாலைக்கு வந்தார். மெலிந்த பெண்; விரல் நுனி முழுக்க ஊசிக் காயம்.

"டீச்சர், இவனக் கொமர்ஸுக்கு மாத்திருங்க" என்றார் வந்ததும்.

"ஏன் அம்மா? அவன் நல்லாச் செய்யிறான்."

"கண்ணு டாக்டர் சொன்னாரு, இது அம்மா வழியா வர்றதாம். எங்க அண்ணனுக்கும் இப்படித்தாங்க. பழுத்த மெளகாயும் பச்ச மெளகாயும் அவருக்கு ஒண்ணு. நாங்க சின்னப் புள்ளைல கேலி பண்ணுவோம். இப்ப வீட்ல ஒங்க ரத்தம், ஒங்க ரத்தம்னு ஒரே பேச்சு. மாமியா மொகம் குடுத்துப் பேசறதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "நூலு வாங்கியாரச் சொன்னா மாத்தி வாங்கிட்டு வருவான் டீச்சர். கவனமில்லன்னு அடிச்சிருக்கேன். நானே குடுத்துட்டு நானே அடிச்சிருக்கேன். இந்தப் படிப்புல இருந்தா தெனம் அதையேதான பாக்கணும்? என்னாலதான, டீச்சர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'கண்டதை எழுது' என்ற மட்டை தொங்கிய அந்த ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"உங்களிட்ட இருந்து வந்தது, ஓம்" என்றேன். "உங்களால எண்டு சொல்லாதேங்கோ. அது வேற. உங்களுக்கே தெரியாமல் உங்களுக்குள்ள இருந்தது. உங்கட அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் அழுதார். நான் சொன்னது அவரைத் தேற்றவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அப்போது தேவசகாயம் சேர் வந்தார். விஷயத்தை நின்றபடி கேட்டார். பிறகு, பெற்றோருக்கு முன்னால் அவர் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தார். சின்ன நாற்காலி ஒன்றை இழுத்து, அந்த அம்மாவின் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்கட மகனுக்கு என்ர பரீட்சையில ஒரு நிறத்தை எழுதி வைக்கிறது பெரிய வேலையில்லை. பச்சை எண்டு போட்டிருக்கலாம். வகுப்பு சிரிக்கும் எண்டு தெரிஞ்சும் தான் கண்டதைத்தான் எழுதினவன். அப்பிடி ஒரு பிள்ளை எனக்கு லாபில வேணும். ஆனா நீங்கள்தான் தாய். முடிவு உங்கட."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றுவிட்டுப் போனார்.

அடுத்த பாடம் பிறப்புரிமையியல். பாடப் புத்தகத்தில் நிறக்குருடுதான் உதாரணம். அதை விட்டுவிட்டு, இரத்தம் உறையாத நோயைக் கொண்டு படிப்பிக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். வகுப்புக்கு முதல்நாள் மோகன்ராஜ் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், அந்த உதாரணத்த விட்டுறாதீங்க. நானே கீறுறேன்."

"கட்டாயம் இல்லை மோகன். உனக்கு விருப்பமோ?"

"எல்லாருக்கும் தெரியுந்தான டீச்சர். நான் கீறுனா சரியாக் கீறுவேன்."

கீறினான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மாமாவின் சதுரத்தை முழுக்க நிரப்பினான். தன்னுடையதையும். அம்மாவின் வட்டத்துக்கு வந்தபோது சோக்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பாதியை மட்டும் நிரப்பினான். "இவங்க காவி, தனக்கு இல்லாம புள்ளைக்குக் கடத்துறவங்க. இவங்களுக்கு எல்லா நிறமும் நல்லாத் தெரியும். நூலுக்குத் துணிக்குப் பொருத்தம் பாக்கிறதுல எங்க தோட்டத்துல இவங்கதான் மொத ஆளு."

"ஒன்ட தங்கச்சி?" என்று கேட்டான் இர்ஷாத்.

"அவளும் காவியா இருக்கச் சரிபாதி வாய்ப்பு." தங்கையின் வட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டான்.

அதைவிடத் தெளிவாக நான் ஒருநாளும் அந்தப் பாடத்தை நடத்தியதில்லை. மோகன்ராஜ் பிறகு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்தான். இப்போது சிப்பிகளை இனம் பிரிக்கும் வேலை. ஓட்டின் வரியையும் மடிப்பையும் வைத்துத்தான் பிரிப்பதாம், நிறத்தை நம்பக்கூடாதாம். போன வருடம் சொன்னான்.

ஆனால் அது பின்னால் நடந்தது. அந்தத் தவணையில், தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில், அவனுடைய அம்மா வந்தார். மகனை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன முடிவு அம்மா?"

"போன ஞாயித்துக்கெழம ஒரு கூத்து நடந்திச்சு டீச்சர்" என்றார். "அவங்க அப்பா, எங்க மாமியா, எல்லாரையும் ஒக்கார வச்சிட்டு, என்னோட தையல் சோக்க எடுத்துத் தரையில கட்டமும் வட்டமுமாப் போட்டான். பெரிய வாத்தியாரு மாதிரி. கண்ணு இங்க இருந்து வந்திச்சு, சரி. இந்தக் கோணப் பல்லு எங்க இருந்து வந்திச்சுன்னு கேட்டான். அவங்க அப்பா எந்திரிச்சுப் போயி கண்ணாடியில பல்லப் பாத்தாரு."

"பிறகு?"

"மாமியாவுக்குச் சிரிப்பு அடக்க முடியல. 'அது என்கிட்ட இருந்துடா'ன்னு சொல்லிட்டாங்க." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்புறம் என்னக் காட்டி, 'இந்தக் கன்னத்துக் குழியும் இவங்க குடுத்ததுதான், அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே'ன்னான். கொமர்ஸு வேணாங்க டீச்சர். இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, தலைப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். குழி இரண்டு கன்னத்திலும் விழுந்தது.